10-க்கு 10 அறையில் மிருதங்கம் குமுறுகிறது: ஸ்பீக்கரை மாற்றவா, ஆம்ப்ளிஃபயரை மாற்றவா?

ஐயாறன்:
வணக்கம். திருவையாற்றில் மாடி அறை. பத்தடிக்குப் பத்தடி, கான்கிரீட் கூரை, மொசைக் தரை. அப்பாவுக்காக 8 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் வட்டு) உள்ள டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். கடையில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழும் ஒவ்வொரு அடியும் ‘கும்’மென்று இழுத்துக்கொண்டே போகிறது, பாட்டு அதற்கடியில் அமுங்கிவிடுகிறது. அப்பா வருஷா வருஷம் ஆராதனைப் பந்தலில் தரையில் உட்கார்ந்து கேட்டவர். இப்போது முழங்கால் வலியால் போக முடியவில்லை. இதைக் கேட்டுவிட்டு, “இது மிருதங்கம் இல்லப்பா” என்று எழுந்து போய்விட்டார். மனசு கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் 60 வாட். பழைய இசைத்தட்டு நாதஸ்வரப் பதிவுகளில் மட்டும் இந்தக் குறை தெரிவதில்லை. எதை மாற்றலாம்?

குடந்தைக்காரன்:
இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அந்தப் பழைய பதிவுகளில் அடி ஒலி (பேஸ் எனும் தாழ்ந்த ஒலி) அவ்வளவாகப் பதிவாகியிருக்காது, அதனால்தான் குறை தெரியவில்லை. கோளாறு அறையில் இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலும், கட்டிலை எதிர்ச்சுவரை ஒட்டியும் போட்டிருக்கிறீர்களா?

ஐயாறன்:
ஆமாம், அப்படியேதான்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

குடந்தைக்காரன்:
சின்ன அறையில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். 350-ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. அந்த ஒலியும் அதன் மடங்கான 114-ம் இரண்டு சுவருக்கு நடுவே மோதி மோதி நிற்கும். உங்கள் அறை சதுரம், நீளமும் அகலமும் ஒரே எண்ணில் சேர்ந்து முழங்குகின்றன. மூலையில் வைத்த ஸ்பீக்கர் அதை நன்றாகக் கிளப்பிவிடும். சுவரோரம் உட்கார்ந்தவர் காதில் அது முழுசாக விழும்.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடியாவது வெளியே இழுங்கள். அப்பாவின் நாற்காலி பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி இருக்கட்டும். நட்டநடுவில் போட்டால் அந்த 57 ஹெர்ட்ஸ் ஒலி மிகவும் குறைந்துவிடும், அதுவும் சரியில்லை. ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் அடி ஒலியைக் கூட்டும் துளை இருந்தால் பழைய சாக்ஸைச் சுருட்டி அடையுங்கள்.

மன்னை வாசகி:
முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். அடி ஒலிக்கு அது ஒன்றும் செய்யாது, கோரைப்பாயும் அப்படித்தான். பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி மூலைகளில் நிறுத்திப் பாருங்கள். தடிமன் இருந்தால்தான் அடி ஒலி கொஞ்சமாவது அடங்கும். அப்புறம், கரண்ட் போன நேரத்தில் ‘ஙொய்’யென்று இரைகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அப்படி வரலாம்.

ஐயாறன்:
இரைச்சல் இல்லை, எங்களுடையது சைன் வேவ். நேற்று எல்லாவற்றையும் நகர்த்தினேன். குமுறல் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்பா ஒரு தனி ஆவர்த்தனம் முழுக்கக் கேட்டார்! ஆனால் ஸ்பீக்கர் இரண்டும் வழியை அடைக்கின்றன, அம்மா தடுக்கி விழப் பார்த்தார்.

குடந்தைக்காரன்:
சந்தோஷம். அம்மா நடக்கும் வழிதான் முக்கியம், டவரைக் கொடுத்துவிட்டு 5 அங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டி வாங்குங்கள். துளையே இல்லாத பெட்டி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் துளை முன்பக்கம் இருக்கட்டும். உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஸ்டாண்டு போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் அதுவே போதும். வாட்டை இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குச் சற்றே உரக்கத் தெரியும், அவ்வளவுதான்; ஆறடி தூரத்தில் கேட்பதற்குச் சில வாட்டே தாராளம்.

மன்னை வாசகி:
பழசு வாங்கினால் வூஃபரின் ஓரத்தைப் பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஈரக்காற்றில் பொடிந்துவிடும், ரப்பர் நாளாகத் தாங்கும். நீங்கள் கேட்கும் பதிவையே எடுத்துப் போய்ப் போட்டுக் கேளுங்கள்.

ஐயாறன்:
ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகிறேன். இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய விடுவார்களா என்று முதலில் கேட்கிறேன். அப்பாவும் காரில் வருகிறேன் என்கிறார்.