‘ஃப்யூஜிடிவ் எமிஷன்’ என்பதற்குத் தமிழில்: ‘போக்கிசாரா உமிழ்வு’ குறித்து

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்சாலைகளின் காற்று உமிழ்வைக் கண்காணிப்பது, அதை அறிக்கையாக அளிப்பது, அதிகாரிகளின் நேராய்வுக்கு ஆயத்தமாக இருப்பது ஆகியவை பற்றிய கையேட்டுத் தமிழாக்கத்தில் ஏறத்தாழ எல்லாச் சொற்களும் முடிவாகிவிட்டன. ‘ஃப்யூஜிடிவ் எமிஷன்’ ஒன்றுதான் நிற்கிறது. இதுவரை ‘தப்பியோடிய உமிழ்வு’, ‘கசிவுமிழ்வு’, ‘சிதறுமிழ்வு’, ‘புறம்போக்கு உமிழ்வு’ என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஆகவே ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வருகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமெரிக்க விதிகள் இதை எதிர்மறையாகவே வரையறுக்கின்றன. புகைபோக்கி, காற்றுப்போக்கி அல்லது அவற்றைப் போன்ற வேறு திறப்பு ஒன்றின் வழியே நியாயமாகச் செலுத்த இயலாத உமிழ்வு எதுவோ அதுவே ஃப்யூஜிடிவ் எமிஷன் என்பது அதன் சாரம். வரையறை திறப்பைச் சுற்றி அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. புகைபோக்கி என்று ஒன்று இருந்தால் அதில் மாதிரித் துளை இட்டு, மேடை அமைத்து, உறிஞ்சு குழாயை உள்ளே செலுத்தி, குழாய்முனைக்குள் நுழையும் வாயுவின் வேகமும் புகைபோக்கியில் ஓடும் வாயுவின் வேகமும் ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொண்டு துகள்களைத் திரட்டலாம். வேகம் குறைவாக உறிஞ்சினால் பெருந்துகள்கள் மிகுதியாக வந்து கணக்கை ஏற்றிவிடும். கிடைத்த செறிவை வாயுவின் ஓட்ட அளவால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடுகிறது. நிலக்கரிக் குவியலுக்கு இப்படித் துளையிட முடியுமா? இரண்டு கன்வேயர் பட்டைகள் சந்திக்கும் இடத்தில் எழும் தூசிக்கு ஓட்ட அளவு எது? ஆகவே இங்கே பெயர் என்பது வெறும் பெயரன்று. எந்த முறையில் அளப்பது, அறிக்கையின் எந்தப் பத்தியில் எழுதுவது, ஆய்வாளர் எங்கே போய் நிற்பது என்பவற்றையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது.

‘தப்பியோடிய உமிழ்வு’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறைக் காவலை மீறிய கைதியைப் போல் ஒலிக்கிறது. ‘சிதறுமிழ்வு’ தூசிக்குப் பொருந்தும், வால்வுக்குப் பொருந்தாது.

‘கசிவுமிழ்வு’ நல்ல சொல், ஆனால் முழுமைக்கும் உரிய சொல் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் வேதித்துறைக் கழிவு வாயுக்களுக்காக 2022-இல் வெளியிட்ட, ஆலைகள் கைக்கொள்ள வேண்டிய சிறந்த நுட்பங்கள் பற்றிய முடிவுகளில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. அங்கே குழாய்வழிப்பட்ட உமிழ்வு ஒரு பக்கம், குழாய்வழிப்படாத உமிழ்வு மறுபக்கம். அந்த மறுபக்கத்துக்குள், இறுக்கமாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட கருவி தன் இறுக்கத்தை இழப்பதால் வெளிவருவதை மட்டுமே ஃப்யூஜிடிவ் என்கிறார்கள். அமெரிக்க வழக்கிலோ சாலைத் தூசியும் குவியல் தூசியும் அதே பெயருக்குள் அடங்கும். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வட்டங்களைக் குறிக்கிறது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. நாம் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தவர்கள் ஆவோம்.

இரண்டும் எவ்வளவு வேறானவை என்பது அளக்கும் முறையைப் பார்த்தால் விளங்கும். அமெரிக்கச் சூழல் முகமையின் 21-ஆம் முறைப்படி கசிவு தேடுபவர், கையடக்கக் கருவியின் உறிஞ்சு முனையை வால்வின் தண்டு உடலுக்குள் நுழையும் அந்த மெல்லிய இடைவெளியை ஒட்டி வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே சுற்றிலும் மெதுவாக நகர்த்துகிறார். எண் ஏறும் இடத்தில் நின்று, உச்சத்தைக் கண்டுபிடித்து, கருவி எதிர்வினை காட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் முனையை அங்கேயே வைத்திருக்கிறார். பழைய விதிகளில் வால்வுக்கு 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற செறிவளவு), பிந்தைய விதிகள் பலவற்றில் 500 பிபிஎம், அதைத் தொட்டால் அது கசிவு. உடனே அடையாள அட்டை கட்ட வேண்டும். பொதுவாக 5 நாளுக்குள் முதல் முயற்சி, 15 நாளுக்குள் செப்பனிட்டு முடித்தல். இங்கே ஒரு நுட்பம் உண்டு: திரையில் தெரியும் எண் செறிவுதான், வெளியேறும் அளவு அன்று. ஆண்டறிக்கைக்கான கிலோக் கணக்கு வேண்டுமானால் வால்வு போன்ற உறுப்புகளை எண்ணி, உறுப்பு ஒன்றுக்குச் சராசரியாக இவ்வளவு என்னும் உமிழ்வுக் காரணிகளையோ, செறிவிலிருந்து வெளியேறும் அளவைத் தரும் தொடர்புச் சமன்பாடுகளையோ பயன்படுத்திக் கணக்கிட வேண்டும்.

தூசியைப் பார்ப்பவருக்கு இந்தக் கருவியால் பயனில்லை. 22-ஆம் முறைப்படி அவர் கையில் இரண்டு நிறுத்துக் கடிகாரங்கள் மட்டுமே இருக்கின்றன. ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும் மொத்த நேரத்துக்கு. மற்றொன்று தூசி கண்ணுக்குத் தெரியும் நேரங்களில் மட்டும் ஓடுவதற்கு. சூரியன் கண்ணில் நேராக விழாதபடி நின்று, கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, நேர விகிதத்தை எழுதிக்கொள்கிறார். அவரிடம் போய் ‘கசிவு பார்க்கிறீர்களா?’ என்று கேட்டால் சிரிப்பார்.

‘புறம்போக்கு’ என்று பரிந்துரைத்த நண்பர் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார் என்றாலும், அந்தச் சொல்லின் அழகு என்னை இரண்டு நாள் விடவில்லை. புறத்தே போவது என்ற நேர்ப்பொருளும் இருக்கிறது. ஆனால் நில வரிக் கணக்கில் அதன் பொருள் தீர்வைக்கு வெளியே நிற்பது என்பதல்லவா? கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லும் ஒன்றுக்கு, கணக்குக்குப் புறம்பானது என்று பெயர் வைப்பது முறையாகாது. தவிர, வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. கைவிடுவோம்.

என் பரிந்துரை ‘போக்கிசாரா உமிழ்வு’. புகைபோக்கி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். காற்றுப்போக்கியும் பழக்கத்தில் உண்டு. இவற்றின் பொதுவான பின்பாதியான ‘போக்கி’யைத் திட்டமிட்ட எந்தத் திறப்புக்கும் பொதுப்பெயராகக் கொள்ளலாம். ‘சாரா’ என்ற எதிர்மறை முறைசாராக் கல்வி, அரசுசாரா அமைப்பு ஆகியவற்றால் நன்கு ஊன்றிவிட்டது. எதிர்மறை வரையறைக்கு எதிர்மறைச் சொல் என்பதும் பொருத்தமே. இணையாக, மற்றது ‘போக்கிவழி உமிழ்வு’. பெரிய வட்டத்துக்குப் போக்கிசாரா உமிழ்வு; அதனுள் இறுக்கம் குலைந்து வருவதற்குக் ‘கசிவு’, குவியல், சாலை, இறக்குமிடம் ஆகியவற்றிலிருந்து வருவதற்கு ‘எழுதூசி’. கடைசி இரண்டிலும் ‘உமிழ்வு’ என்ற ஒட்டு வேண்டாம் என்பேன். உமிழ்வதற்கு ஒரு வாய் வேண்டும். உமிழ்நீரை நினைத்துப் பாருங்கள். புகைபோக்கிக்கு வாய் இருக்கிறது, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுக்கு இல்லை. பெரிய வட்டத்தில் மட்டும் அந்தச் சொல்லை விட்டுவைப்பதற்குக் காரணம், அறிக்கைப் படிவத்தில் போக்கிவழியும் போக்கிசாராதும் கூட்டி ‘மொத்த உமிழ்வு’ என்று ஒரு வரி வந்தாக வேண்டும் என்பதுதான்.

‘வழிப்படா உமிழ்வு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு ‘ப்’ விடுபட்டால் வழிபடா உமிழ்வாகி, இறைமறுப்புக் கொள்கையுடைய வாயுவாகிவிடும். அச்சுப்பிழையைத் தாங்காத கலைச்சொல் நிற்காது.

தன்வினை, பிறவினை குறித்துத் தனிமடலில் எழுப்பப்பட்ட கேள்வி முக்கியமானது. ஆலை வெளியேற்றுவது வெளியேற்றம், தானே போவது வெளியேறல் என்று தமிழ் எளிதாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டையே கலைச்சொல்லாக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். இலக்கணம் சரி. ஆனால் ‘வாயு வெளியேறியது’ என்று அறிக்கையில் எழுதினால் எழுவாய் வாயுவாகிறது, ஆலை வாக்கியத்தை விட்டே போய்விடுகிறது. விதியிலிருந்து விலகியதை ஆலை தெரிவிக்கும் விலகல் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தன்வினையின் வசதி தெரியும். உமிழ்வு, கசிவு போன்ற பெயர்ச்சொற்கள் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதே நமக்கு நல்லது.

என் பரிந்துரை பொருந்தாத இடம் ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பசுங்குடில் வாயுக் கணக்கெடுப்புக்கான ஐபிசிசியின் (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) 2006 வழிகாட்டுநெறிகளில், எண்ணெய், எரிவாயுத் துறையில் வேண்டுமென்றே திறந்துவிடப்படும் வாயுவும் தீக்கொழுந்தாக எரித்துவிடப்படுவதும்கூட ஃப்யூஜிடிவ் தலைப்பில்தான் வருகின்றன. எரிப்புக் கோபுரம் ஐயமின்றி ஒரு போக்கி. அங்கே ‘போக்கிசாரா’ என்று எழுதினால் பொய்யாகும். அந்த இயலுக்கு மட்டும் ‘எரிபொருள் எடுப்பு, கையாளல் உமிழ்வு’ என்று உள்ளடக்கத்தைக் கொண்டு பெயரிட்டு, அடிக்குறிப்பில் விளக்கம் தரலாம் என்பது என் கருத்து. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வால்வில் கட்டும் அட்டைக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தார்கள். உறுப்பு எண், கண்ட நாள், கருவி காட்டிய அளவு, மேலே பெரிய எழுத்தில் ‘கசிவு’. மழையில் நனைந்தாலும் அழியாத மையாக இருக்கட்டும்.