பைத்தான் ஸ்கிரிப்ட்: ஒரே வாடிக்கையாளர் இரண்டு தடவை வருகிறார்

ரங்கூன் தம்பி:
யாங்கோனில் மாமாவின் பருப்புக் கடை. 2016 முதல் பாக்கிக் கணக்கு எல்லாம் மாதத்துக்கு ஒரு எக்செல் ஃபைல். அத்தனையையும் திறந்து, பெயர்வாரியாகப் பாக்கியைக் கூட்டி, ஒரே தாளில் எழுதித் தர ஓபன்பைஎக்செல் (எக்செல் ஃபைலைப் படிக்கும் பைத்தான் நூலகம்) வைத்து 40 வரி எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் பலர் இரண்டு தடவை வருகிறார்கள். அந்த இரண்டில் ஒரு பெயர் அலங்கோலமாகத் தெரிகிறது. பழைய ஃபைலைத் திறந்தால் அதே பெயர் ஒழுங்காகத்தான் இருக்கிறது! முன்பின் இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டும் பார்த்தாயிற்று.

மோல்மீன்காரன்:
மியான்மர் யூனிகோடுக்கு (உலகப் பொது எழுத்துக் குறியீடு) மாறிய 2019 அக்டோபருக்கு முந்திய ஃபைலில் பெயர்க் கட்டத்தின் ஃபாண்ட் என்ன தம்பி? ஜாவ்ஜி ஒன் என்ற பழைய பர்மிய ஃபாண்ட் தானே?

ரங்கூன் தம்பி:
ஆமாண்ணா. புதியதில் மியான்மர் டெக்ஸ்ட் என்ற யூனிகோடு ஃபாண்ட்.

மோல்மீன்காரன்:
அப்படியென்றால் அதுதான். யூனிகோடு பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய எண்களையே ஜாவ்ஜியும் எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறது. நம்ம 'கெ'யைப் பாருங்கள்: கண்ணுக்குக் கொம்பு முன்னால், ஆனால் யூனிகோடு சேமிப்பில் 'க' முதலில், கொம்பு பிறகு. பர்மியத்திலும் அப்படியொரு கொம்பு உண்டு. ஜாவ்ஜியில் அது கண்ணில் படுகிற வரிசையிலேயே கிடக்கும். நமக்கு ஒரே பெயர், பைத்தானுக்கு இரண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கேற்ற ஃபாண்ட் இருந்தவரை விஷயம் வெளியே தெரியவில்லை. உங்கள் ஸ்கிரிப்ட் எழுத்தை மட்டும் எடுத்து ஃபாண்டை விட்டுவிட்டது, குட்டு உடைந்தது.

ஜாவ்ஜியை யூனிகோடாக மாற்றுவதற்குப் பைஐசியு என்ற பைத்தான் நூலகத்தில் ஜாவ்ஜி மாற்றி இருக்கிறது. எது ஜாவ்ஜி என்று கண்டுபிடிக்கக் கூகுளின் மியான்மர் டூல்ஸ் உண்டு. 0 முதல் 1 வரை ஒரு எண் தரும், 1-ஐ நெருங்கினால் ஜாவ்ஜி. ஆனால் ரொம்பச் சின்னப் பெயரில் அது தடுமாறலாம். உங்களுக்குத்தான் ஃபாண்ட் பெயரே கையில் இருக்கிறதே, அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முதலில் ஃபைல்களை நகல் எடுத்துவிட்டு!

ரங்கூன் தம்பி:
இரட்டைப் பெயர்கள் போய்விட்டன, நன்றிண்ணா. அப்புறம் இன்னொன்று. தொகைகள் பர்மிய இலக்கத்தில் இருக்கின்றன, எழுத்தை எண்ணாக்கும் இன்ட் அவற்றை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு வரியில் மட்டும் எண்ணாக்க முடியவில்லை என்று வேல்யூ எரர்.

பெகு அக்கா:
அந்தத் தொகையில் சுழியம் இருக்கிறதா? பர்மிய 'வ'வும் சுழியமும் பார்க்க ஒரே வட்டம். அவசரத்தில் தட்டினால் 'வ' விழுந்துவிடும். தொகைப் பத்தியில் மட்டும் 'வ'வைச் சுழியமாக்குங்கள். பெயர்ப் பத்தியில் கை வைக்க வேண்டாம், அங்கே அது நிஜமாகவே 'வ'.

ரங்கூன் தம்பி:
அதேதான் அக்கா! ஓடிவிட்டது. தட்டியது மாமா. அவரிடம் சொல்லப் போவதில்லை.