அரசு லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்ட அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

திருச்சிக்காரன்:

அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் ஆரம்பக் காலத்து மெஷின். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ் என்ற இந்திய அரசின் இயங்குதளம். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு அது அப்பாவிடம் வந்தது. கோயில் கமிட்டிக் கணக்கும் பழைய படங்களும்தான் அவருக்கு வேலை. பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவார். வந்து பார்க்கும்போதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ராம் கூட்டு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தாது. அதோடு, ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் சும்மா கிடக்கிறது, டிஸ்க் மட்டும் மூச்சு முட்ட ஓடுகிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகும். வேண்டிய தகவல் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஊசி அந்த இடத்துக்கு நகர்ந்து சேர வேண்டும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. நேரமெல்லாம் போவது இந்தத் தேடலில்தான். எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க். அதில் நகர ஊசியே இல்லை, அதனால் அந்தக் காத்திருப்பு 0.1 மில்லி செகண்டுக்கும் கீழே.

கடையில் ஒருவர், "உங்க மெஷின் சாட்டா 2தான் சார், இதில் பாதி வேகம்கூட வராது, காசு தண்டம்" என்றார். சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி, 2 என்பது அதன் பழைய, மெதுவான தலைமுறை. அவர் சொன்னது பாதி சரி. பெட்டியில் போட்டிருக்கும் விநாடிக்கு 550 எம்பி வேகம் வராதுதான். சாட்டா 2 வழியில் 280 எம்பியைத் தாண்டினால் அதிசயம். ஆனால் அப்பாவின் லேப்டாப்புக்கு அந்த எண்ணால் ஒன்றும் ஆகப் போவதில்லை. தேடும் நேரம் குறைந்ததே போதும். அதனால் இருப்பதிலேயே சாதாரணமான 240 ஜிபி ஒன்றை வாங்கினேன்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். அடிமூடியைத் திறந்ததும் டிஸ்க்கை மேலே தூக்காமல், இணைப்பியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், புதியது 7 மிமீ. தகரச் சட்டத்தில் திருகி உட்காருகிற மாடலில் இது பிரச்சினையே இல்லை. சட்டம் இல்லாமல் வெறும் குழியில் வைக்கிற மாடலில் ஆடும். அதற்கென்றே சில எஸ்எஸ்டியோடு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வருகிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் பழைய டிஸ்க்கை அப்படியே பிரதியெடுக்கும் குளோன் வேலையைச் செய்யவில்லை. பழைய மெஷினுக்குப் பாரமாகாத லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டேன். ஸ்டார்ட்டரின் கட்டுப்பாடு போய்விட்டதால் இன்னொரு 2 ஜிபி டிடிஆர்3 ராமும் போட முடிந்தது. இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. "நேத்து சரியா ஆஃப் பண்ணாம விட்டுட்டேனா?" என்று அப்பா கேட்டார்.

கோவை பில்லிங்:

தம்பி, உங்களுடையது சாட்டா. என்னிடம் வருவதெல்லாம் அதற்கும் முந்திய காலத்துச் சரக்கு. ஒரு மருந்துக்கடையில் விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப், சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ இணைப்பு டிஸ்க், 44 பின். பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பியை விட்டு நகராது, முதலாளியும் நகரமாட்டார். அந்தக் காலத்து பயாஸ் (மெஷினை எழுப்பும் ஆரம்ப நிரல்) பலவற்றுக்கு 137 ஜிபிக்கு மேல் கண் தெரியாது. சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு போடாத எக்ஸ்பிக்கும் அதே கதைதான். பெரிய டிஸ்க் போட்டால் காசு வீண். எம்சாட்டா என்ற சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியை ஐடிஇயாக மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது, 64 ஜிபி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் தனக்கென்று பிரிக்கும் பகுதியை, 63ஆவது செக்டரில் (செக்டர் என்பது டிஸ்க்கின் சிறு கட்டம்) தொடங்கும். அப்படியே குளோன் எடுத்தால் எஸ்எஸ்டி ஒரே மூச்சில் எழுதும் 'பக்கம்' என்ற கட்டத்தின் எல்லையோடு அது பொருந்தாது, ஒரு தரம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு தரம் எழுதும். விஸ்டாவிலிருந்து 1 எம்பியில் தொடங்குகிறார்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை. பார்ட்டிஷனை முதலில் வேறு மெஷினில் 1 எம்பியில் போட்டுவிட்டு அதற்குள் எக்ஸ்பியை இன்ஸ்டால் செய்வதுதான் என் வழக்கம்.

சேலத்து அக்கா:

நீங்கள் எல்லாரும் டிஸ்க் நன்றாக இருக்கும்போதே மாற்றியிருக்கிறீர்கள், புண்ணியவான்கள். என் லேப்டாப்பில் 'டக் டக்' சத்தம் வந்த பிறகுதான் கடைக்கே போனேன். அங்கே இருந்த பையன் முதல் வேலையாக, டிஸ்க்கில் பிழை தேடும் செக் டிஸ்க் நிரலை ஓட்டினான். சாகக் கிடக்கிற டிஸ்க்கை ஒவ்வொரு செக்டராகப் படிக்க வைத்தால் என்ன ஆகும்? பாதியில் நின்றது. எங்கள் கல்யாணப் போட்டோ முழுக்க அதில்தான்.

பிடுங்கிக்கொண்டு வந்து தம்பி முறை ஆகிற ஒருவனிடம் கொடுத்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண்ணைப் பார்த்தான். படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின் கணக்கு அது, பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லை. அவன் ரிப்பேர் எதுவும் செய்யவில்லை. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தான். அது சுலபமாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளுகிறது. எதுவரை வந்தோம் என்று தனி ஃபைலில் குறித்து வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்டோக்கள் அநேகமாக வந்துவிட்டன. முகூர்த்தத்தில் கொஞ்சம் மட்டும் பாதி சாம்பல் நிறமாக இருக்கின்றன, மாமியார் பக்கத்து ஆட்கள் நின்ற படங்கள். என் மேல் இன்னும் சந்தேகம்.

மதுரை மெக்கானிக்:

எஸ்எஸ்டி போட்ட பிறகு மெஷின் திடீர் திடீரென்று உறைந்து நின்றால், உடனே எஸ்எஸ்டியைத் திட்டாதீர்கள். டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் சில மாடல்களில் மடங்கி மடங்கி நைந்திருக்கும். மெதுவான ஹார்ட் டிஸ்க்கோடு சமாளித்துக்கொண்டிருந்த கேபிள், வேகமான எஸ்எஸ்டியோடு மூச்சு விட முடியாமல் திணறும். ஸ்மார்ட்டில் 199ஆம் எண், அதாவது கேபிள் வழியே தகவல் பிழையாகப் போன கணக்கு, ஏறிக்கொண்டே போனால் அநேகமாகக் கேபிள்தான். என்னிடம் வந்த ஒரு மெஷினுக்கு ஏற்கெனவே இரண்டு எஸ்எஸ்டி மாற்றிவிட்டார்கள். கேபிளை ஒருவரும் தொடவில்லை.

அப்புறம், குளோன் எடுப்பவர்கள் டிஸ்க்கோடு பேசும் முறை பயாஸில் ஏஹெச்சிஐயா (புதியது) ஐடிஇயா (பழையது) என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐடிஇ மோடில் போட்ட விண்டோஸ் 7ஐ அப்படியே ஏஹெச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரைதான் வரும். விண்டோஸின் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏஹெச்சிஐ டிரைவரை முன்கூட்டியே இயக்கிவிட்டு மாற்ற வேண்டும்.

திருச்சி சார், டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் பழைய 320ஐப் போட்டீர்களா?

திருச்சிக்காரன்:

இல்லை சார். டிவிடி டிரைவ் இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் கேடி என்ற சட்டம், கடையில் தந்தது 9.5 மிமீ, என் டிவிடி டிரைவ் 12.7 மிமீ. வாங்குவதற்கு முன் டிரைவை வெளியே உருவி அளந்துவிடுவது நல்லது. பழைய டிஸ்க் இப்போது யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கிறது, கமிட்டிக் கணக்கின் நகல் அதில் போகிறது. சேலத்து அக்காவின் அனுபவத்தைப் படித்ததும் 197ஐப் பார்த்தேன். பூச்சியம்.