காற்றுக் காலத்தில் டீசல் பர்னர் புகைகிறது. காற்றைக் கூட்டினால் டீசல் குடிக்கிறது

சாரல்காத்து (பாவூர்சத்திரம்):

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேண்டும். எலுமிச்சை ஊறுகாயும் நெல்லிச் சாறும் போடுகிற சின்ன யூனிட் எங்களுடையது. மணிக்கு 300 கிலோ ஸ்டீம் தருகிற டீசல் பாய்லர், ஒரே நாசில் (டீசலைத் தூவும் முனை) பர்னர். மாசி, பங்குனியெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் என்று சொன்னார்களோ இல்லையோ, எங்களுக்குக் காற்று வந்துவிட்டது. பர்னர் பிடிக்கும்போது 'குபுக்' என்று கரும்புகை, சில நேரம் தடதடவென்று அதிர்வு, அப்புறம் லாக்அவுட், பர்னர் தானாக நின்றுவிடும். சர்வீஸ் பையன் வந்து பம்ப் பிரஷரை 10-இலிருந்து 12 பாருக்கு ஏற்றி, காற்று டாம்பரையும் (ப்ளோயர் விசிறி தள்ளுகிற காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்துவிட்டுப் போனான். புகை நின்றது. ஆனால் ஸ்டீம் வர முன்னைவிட நேரமாகிறது, டீசலும் கூடுதலாக இறங்குகிறது. சிம்னி தெர்மாமீட்டர் முன்பு 240 காட்டும், இப்போது 270. புகையும் வரக்கூடாது, டீசலும் குடிக்கக்கூடாது என்றால் எதை எங்கே வைக்க வேண்டும்?

ரொட்டிக்கடை தென்காசி:

டாம்பரை மூடிவிடாதீர்கள் அண்ணே. ஜுவாலை நீலமாக வரும்வரை காற்றைக் கொடுங்கள். எங்கள் பேக்கரி அவன் அப்படித்தான் ஓடுகிறது.

பேட்டை பழைய ஃபிட்டர்:

தம்பி, உங்கள் அவன் கேஸில் ஓடுவதாக இருக்கும். நீலம் கேஸுக்கு. டீசல் பர்னரில் நீலத்தைத் தேடிப் போனால் டேங்க் காலியாவதுதான் மிச்சம். நல்ல டீசல் ஜுவாலை பளிச்சென்ற மஞ்சளாக, நுனியில் புகை இல்லாமல் நிற்கும். மங்கிய சிவப்பாகி நுனி கறுத்தால் காற்று பற்றவில்லை. கண்ணைக் கூசும் வெள்ளையாகக் குட்டையாக நின்றால் காற்று மிஞ்சிவிட்டது. ஆனாலும் கண்ணை நம்பி பர்னர் செட் பண்ணாதீர்கள், வியூ கிளாஸில் கரி படிந்திருந்தால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும்.

பாவூர்சத்திரம் அண்ணாச்சிக்கு: காற்றை அப்புறம் பார்க்கலாம், முதலில் எண்ணெயைச் சரி பண்ணுங்கள். நாசிலைக் கழற்றினால் அதன் மேல் எண் வெட்டியிருக்கும். உங்கள் பாய்லர் அளவுக்கு 5.00, 60 டிகிரி என்று இருக்கலாம். டிகிரி என்பது தூவல் விரிகிற கோணம். அந்த 5.00 என்பது 7 பாரில் மணிக்கு 5 அமெரிக்க கேலன், சுமார் 19 லிட்டர். பிரஷர் ஏறினால் அளவும் ஏறும்: 10 பாரில் 22 லிட்டருக்கு மேல், 12 பாரில் 25 லிட்டர் பக்கம். பையன் பிரஷரைக் கூட்டியபோதே டீசலைக் கூட்டிவிட்டான். பிறகு அதற்கு ஈடுகட்டக் காற்றைத் திறந்தான். மேனுவலில் 10 என்று இருந்தால் 10-இல் வையுங்கள்.

நாசில் துவாரத்தில் ஊசி, கம்பி எதுவும் விடாதீர்கள். உள்ளே காடி வெட்டியிருக்கும், கீறல் விழுந்தால் தூவல் ஒரு பக்கம் சாயும். நாசிலைச் சுற்றிக் காற்றைக் கலக்கிவிடும் டிஃப்யூசர் தட்டில் கரி ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் அதுதான் அடையாளம். புது நாசிலே போட்டுவிடுங்கள். பில்டரைக் கழுவி, ஜுவாலையைப் பார்க்கும் போட்டோசெல்லைத் துணியால் துடைத்து, தீப்பொறி தரும் எலக்ட்ரோடு இடைவெளியை மேனுவலில் உள்ளபடி வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டாம்பர். ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும், அதாவது பத்து கன மீட்டருக்கு மேல். சரியாக அவ்வளவே கொடுத்தால் கலப்பது போதாமல் புகையும், அதனால் கொஞ்சம் கூடுதல் வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சிம்னிப் புகையை அளக்கும் அனலைசர்தான் சொல்லும். பாய்லர் நன்றாகச் சூடேறிய பின், சிம்னி அடியில் ஓட்டை போட்டுக் குழாயை நடுவரை விடுங்கள். ஆக்சிஜன் 3 முதல் 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 12, 13, கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குக் கீழே. கூடவே புகைப் பம்ப் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் வழியாகப் பத்து இழுப்பு, பிறகு தாளில் விழுந்த வட்டத்தை எண் போட்ட சாம்பல் நிற அட்டையோடு ஒத்துப் பார்ப்பது. டீசலுக்கு 0 அல்லது 1-ஐத் தாண்டக்கூடாது. தாளில் மஞ்சள் அடித்தால் எரியாத எண்ணெய் வருகிறது. மறுபடி நாசிலுக்கே போங்கள்.

நான் செய்வது இப்படி: தாள் லேசாகச் சாம்பல் தட்டும்வரை டாம்பரை மூடிக்கொண்டே வருவேன். பிறகு தாள் வெளுக்கும்வரை திறந்து, இன்னும் ஒரு நூல் திறந்து போல்ட்டை இறுக்குவேன். அந்த ஒரு நூல் வெயிலுக்கு. விடிகாலை 25 டிகிரிக் காற்றுக்கும் மத்தியானம் 40 டிகிரிக் காற்றுக்கும் எடையில் ஐந்து சதவீத வித்தியாசம் உண்டு. ப்ளோயர் தள்ளுவது அதே கன அளவுதான். காலையில் 4 காட்டிய ஆக்சிஜன் மத்தியானம் 3-க்கு வந்துவிடும். காலையில் 2-இல் செட் பண்ணிவிட்டுப் போகிறவனுக்கு மத்தியானம் போன் வரும்.

உங்கள் நிலைமைக்குக் கணக்கு: ஆக்சிஜன் 4, சிம்னி 240 என்றால் சிம்னி வழியாகப் போகிற சூடு பத்து சதவீதம் பக்கம். டாம்பர் முழுக்கத் திறந்து ஆக்சிஜன் 9, சிம்னி 270 என்றால் பதினைந்து. நூறு லிட்டருக்கு ஐந்து லிட்டர் வானத்துக்கு.

ஒன்று மறக்காதீர்கள். லாக்அவுட் ஆனால் ரீசெட்டை ஒருமுறை அழுத்துங்கள். பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் எரியாத டீசல் பாய்லரின் எரியும் அறையில் தேங்கி, பிடிக்கிறபோது கதவைப் பெயர்த்துக்கொண்டு வெடிக்கும்.

உங்கள் ஷெட் வாசல் எந்தப் பக்கம்? சிம்னி மூடி என்ன மாதிரி?

சாரல்காத்து:

வாசல் மேற்கே பார்த்தது அண்ணாச்சி, ப்ளோயர் வாயும் அதே பக்கம்தான். சிம்னியில் தட்டையான தகர மூடி. பக்கத்திலேயே குடோன் கூரை சிம்னியைவிட உயரம்.

பேட்டை பழைய ஃபிட்டர்:

அப்படியென்றால் அடிப்படைக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நேராக ப்ளோயர் வாயில் அடிக்கிறது. ஒரு நிமிஷம் காற்று அதிகம், மறு நிமிஷம் குறைவு. மேலே குடோன் கூரையில் மோதித் திரும்புகிற காற்று சிம்னியைக் கீழ்நோக்கி அமுக்குகிறது, அதுதான் தடதட. இந்த இரண்டையும் விட்டுவிட்டு டாம்பரை எங்கே வைத்தாலும் நிற்காது. மேற்கு வாசலுக்குக் கதவு போடுங்கள், அதற்காக ஷெட்டை அடைத்துவிடாதீர்கள். கிழக்குச் சுவரில் ஜாலி வைத்தால் காற்று அமைதியாக உள்ளே வரும். ஐப்பசியில் காற்று திசை மாறும், அதனால் தெற்கிலும் ஒன்று. சிம்னியைக் குடோன் கூரைக்கு மேல் தூக்கி, தட்டை மூடியை எடுத்துவிட்டுக் காற்று அமுக்காத மூடி போடுங்கள். சிம்னி அடியில், எடை வைத்து ஆடுகிற டிராஃப்ட் ரெகுலேட்டர் ஒன்றும் வைத்தால் சிம்னியின் இழுப்பு (டிராஃப்ட்) ஒரே சீராக நிற்கும். செட் பண்ணுவது இதற்குப் பிறகு.

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:

ஃபிட்டர் அண்ணாச்சி சொன்னது டீசலுக்கு. ஃபர்னஸ் ஆயில் ஓட்டுகிறவர்கள் அந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். நாங்கள் எண்ணெயை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் நாசிலுக்கு விடுகிறோம். சூடு குறைந்தால் தூவல் தடித்து எவ்வளவு காற்று கொடுத்தாலும் புகையும். கந்தகமும் அதிகம், சிம்னியை ரொம்பக் குளிரவிட்டால் அமிலம் இறங்கித் தகரத்தைத் தின்றுவிடும். இன்னொன்று: ஆக்சிஜன் 4-இல் சரியாக நின்றும் சிம்னி சூடு ஏறிக்கொண்டே போனால் பர்னரைத் தொடாதீர்கள். தண்ணீர் ஓடுகிற காயில் குழாயின் வெளியே கரி, இல்லையென்றால் உள்ளே தண்ணீரின் உப்புப் படிவு. உங்கள் பக்கம் போர் தண்ணீரா?

சாரல்காத்து:

போர் தண்ணீர்தான், தண்ணீரின் கடினத்தை எடுக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது. அதற்குக் கறி உப்பு போட்டு ரீஜெனரேட் (மறுபடி வேலை செய்யவைப்பது) பண்ணுகிறோமா என்று ஆட்களிடம் கேட்க வேண்டும். கதவும் ஜாலியும் போட்டாயிற்று, சிம்னி வேலை நடக்கிறது. பிரஷர் 10, புது நாசில். வாடகை அனலைசரில் ஆக்சிஜன் 4.5, மோனாக்சைடு 40, தாள் வெள்ளை. சிம்னி 245. பையன் இப்போது 45 டிகிரி நாசில் போட்டால் இன்னும் மிச்சமாகும் என்கிறான், போடலாமா?

பேட்டை பழைய ஃபிட்டர்:

வேண்டாம். 45-இல் ஜுவாலை நீண்டு எதிர்ப்பக்கச் சுவரில் முட்டும், அங்கே குளிர்ந்து கரியாகும். பாய்லர்காரன் அறை நீளத்துக்குத்தான் 60 கொடுத்திருக்கிறான். சிம்னி வேலை முடிந்ததும் டிராஃப்ட் மாறியிருக்கும், அன்றைக்கு அனலைசரை மறுபடி வையுங்கள். பையனிடம் பிரஷர் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.