மறு: இருமுனைக் கோளாறா, களிசோர்வா? (நாளை அச்சு)

அன்புள்ள ஐயா, அம்மா, நண்பர்களே,

அளவு மீறிய எழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் ‘பைபோலார்’ என்ற மனநோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் மறுமொழி இது. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக அந்த நோயைப் பற்றிய துண்டறிக்கை நாளை மாலை அச்சுக்குப் போகிறது. மலையாளத் தாளில் ‘விஷாதோன்மாத ரோகம்’ என்று போட்டாயிற்று. நம் தாளில் தலைப்பு இன்னும் காலி.

பலரும் கேட்கும் ‘இருமுனைக் கோளாறு’ தவறில்லை. 1957இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் லியோன்ஹார்ட், எழுச்சி, சோர்வு இரண்டில் ஒன்று மட்டும் வருவதை ஒருமுனை, இரண்டும் வருவதை இருமுனை என்று பிரித்தார். 1980இல் அமெரிக்க மனநலக் கையேடும் ‘பைபோலார்’ என்ற பெயரையே ஏற்றது. அதற்கு நேர்ச்சொல் இதுதான். ஆனால் போன வாரம் வகுப்பில் பலகையில் எழுதியதும் ஓர் அக்கா கேட்டார்: “ரெண்டு பக்கமும் கூரா இருக்குமே, அதா சார்?” முனை என்றால் அவருக்குக் கத்திமுனை. அவருடைய தம்பி மூன்று ராத்திரி தூங்காமல் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்தவர். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர் நாள்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. “வெள்ளையடிச்சப்போ நல்லாயிட்டான்னுதான் நெனச்சோம்” என்றார் அக்கா. அந்த ‘நல்லாயிட்ட’ நாளும் நோய்தான் என்று பெயரே சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நம் குழுவின் புலவர் ஐயா முன்வைத்த ‘களிசோர்வு’ அதைச் சொல்கிறது. களியில் மகிழ்ச்சியும் உண்டு, மயக்கமும் உண்டு. குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ‘களித்தறியேன் என்பது கைவிடுக’ என்று வரும் களி அதுதானே. அழகான சொல். ஆனால் ஐயா, இங்கே மலையாளம் படிக்கும் பிள்ளைகளுக்குக் களி என்றால் விளையாட்டு, பாட்டிமாருக்கு ராகிக்களி. விளையாடிக் களைத்தவன் என்று நினைத்துத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

கோளாறைக் கோளறு பதிகத்தோடு முடிச்சுப்போட்ட மடல்களையும் விடாமல் படித்தேன். சம்பந்தர் பாடியது கோள்களின் தீங்கை அறுக்கும் பதிகம். அங்கே ‘அறு’, இங்கே ‘ஆறு’. அந்த விளக்கம் ஊருக்குள் போனால் கிரகதோஷம் என்று பரிகாரத்துக்குக் கிளம்புவார்களே தவிர மாத்திரைக்கு வரமாட்டார்கள். ஆகவே எனக்கு ‘நோய்’ போதும்.

என் சொல் ‘எழுச்சி-சோர்வு நோய்’. மக்கள் எழுச்சி நினைவுக்கு வரும் என்கிறார் கோவை நண்பர். வரட்டும், பக்கத்தில் சோர்வு நிற்கும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள்.

இருந்தாலும் பெரும்பான்மை இருமுனைக்கே. விவாதித்து எல்லாரும் களைத்துவிட்டோம். தலைப்பில் அதையே போடுகிறேன். அடியில் ஒரு வரியை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள்: ‘தூக்கமே தேடாத எழுச்சி, எழவே முடியாத சோர்வு: இரண்டும் ஒரே நோய்.’

இன்று ராத்திரி அந்த அக்காவிடம் படித்துக் காட்டப்போகிறேன். மறுபடியும் “கூரா?” என்று கேட்டால் காலையில் எழுதுகிறேன்.