வேர் சிகிச்சையில் ஒடிந்து பல்லுக்குள் நின்ற ஊசி உடம்பைக் கெடுக்குமா?

பள்ளத்தூர் ஆச்சி:
என் அப்பச்சிக்கு வயது 68. மூன்று ஆண்டுகளுக்கு முன் காரைக்குடியில் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தோம். போன வாரம் வேறு பல்லுக்காக மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயில், பழைய பல்லின் வேருக்குள் உலோகத் துண்டு தெரிகிறது. வேரைச் சுத்தம் செய்யும் ஊசியான ஃபைல் ஒடிந்ததை அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மூட்டுவலி, ஓயாத அசதி. அந்த ஃபைலில் பாதிக்குமேல் நிக்கல் உலோகம் என்கிறார்கள். நஞ்சை உள்ளே வைத்துக்கொண்டு மாத்திரை விழுங்கி என்ன பயன்? பல்லைப் பிடுங்கிவிட நினைக்கிறேன்.

தேவகோட்டை பல் மருத்துவர்:
அவசரப்படாதீர்கள் ஆச்சி. நிக்கல் டைட்டானியம் ஃபைலில் எடைக்கு ஏறத்தாழ 55 சதவீதம் நிக்கல்தான். ஆனால் அதே கலப்பு உலோகத்தில் செய்த ஸ்டென்ட்டை, அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழலை, கால் இரத்தக் குழாய்க்குள்ளேயே வைக்கிறார்கள். மேலே படியும் டைட்டானியம் ஆக்சைடு நிக்கலை எளிதில் கசியவிடாது. பல்லில் நிற்பதோ சில மில்லிமீட்டர் துண்டு. நான் அஞ்சுவது அந்தத் துண்டுக்குக் கீழே சுத்தம் செய்ய முடியாமல் போன இடத்துக்கு. அங்கே கிருமி தங்கினால் வேர் நுனியில் எலும்பை அரிக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஸ்டென்ட்டைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்கள், டாக்டர். கடிகாரப் பட்டை பட்டாலே அப்பச்சிக்குத் தோல் தடித்துவிடும். அவருக்கும் இதே சமாதானமா?

கோட்டையூர் வாத்தியார்:
பல்தான் மூட்டுவலிக்கு மூலம் என்பது நூறாண்டுப் பேச்சு. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் மான்ட்ரியலில் அப்படி முழங்கினார். அதன்பின் எத்தனையோ பேர் நல்ல பற்களையும் பிடுங்கிக்கொண்டார்கள், வலியோ போகவில்லை. பிறகு மருத்துவ உலகமே அந்தக் கொள்கையைக் கைவிட்டது. போன பல் திரும்ப முளைக்காது, ஆச்சி.

தேவகோட்டை பல் மருத்துவர்:
தோல் தடிப்பை நான் தள்ளவில்லை. நிக்கல் ஒவ்வாமை இருக்கிறதா என்று தோல் மருத்துவரிடம், நிக்கலைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூட்டுக்குத் தனியாக மருத்துவரைப் பாருங்கள். பல்லின் மேல் பழி போட்டு உண்மையான நோயைத் தவறவிட வேண்டாம்.

2005இல் வெளியான மெல்போர்ன் ஆய்வைச் சொல்கிறேன். துண்டு நின்ற பற்களில் 91.8 சதவீதம் ஆறின, துண்டில்லாதவற்றில் 94.5. சிகிச்சைக்கு முன்பே வேர் நுனியில் புண் இருந்த பற்களில் மட்டும் பார்த்தால் அதே வரிசையில் 86.7, 92.9. ஆகவே பழைய எக்ஸ்ரேயில் புண் இருந்ததா என்பதுதான் என் முதல் கேள்வி. சர்க்கரை நோய் இருந்தாலும் சொல்லுங்கள், புண் ஆறத் தாமதமாகும். புண் இருந்தால் நுண்ணோக்கியும் மீயொலிக் கருவியும் கொண்டு துண்டை எடுக்க முயலலாம், பக்கவாட்டில் வழி கண்டு தாண்டலாம், முடியாவிட்டால் வேர் நுனியை அறுத்து எடுக்கலாம். புண் இல்லை, வலியும் இல்லை என்றால் நான் தொடமாட்டேன். துண்டுக்காகத் தோண்டத் தோண்ட வேர் மெலிந்து பிளந்துவிடும்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது தவறுதான். ஃபைல் ஒடிவது கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். மறைப்பதற்குச் சாக்கே கிடையாது.

பள்ளத்தூர் ஆச்சி:
சர்க்கரை பத்து ஆண்டுகளாக இருக்கிறது. பழைய எக்ஸ்ரேயை எங்களுக்குத் தரவே இல்லை. நாளைக் காலை போய்க் கேட்கப் போகிறேன். துண்டு உள்ளே நிற்கிறது என்று சிகிச்சைச் சீட்டில் எழுதி வாங்காமல் திரும்பமாட்டேன். அதுவரை பல்லைப் பிடுங்கவில்லை.