மாசமா இருக்கும்போது வெந்நீர்க் குளியல்: உங்கள் வீட்டில் எப்படி?

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

எங்கள் வீட்டில் இந்த மார்கழியில் இதே பேச்சுத்தான். மாசமா இருக்கிறவள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்கிறார் அத்தை. வெந்நீர் வயிற்றில் படவே கூடாது, கரு கலைந்துவிடும் என்கிறார் எங்கள் ஆயா. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டுவிட்டேன். இங்கே பல பேருக்கு இதே சந்தேகம் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

பச்சைத் தண்ணீரால் வயிற்றுப் பிள்ளைக்குச் சளி வராதாம். வெந்நீர் வயிற்றில் பட்டதாலேயே கரு கலைவதும் இல்லையாம். கவனிக்க வேண்டியது நம் உடம்பின் உள்சூடு. சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ் இருக்கும். அது 39 டிகிரிக்கு, அதாவது பாரன்ஹீட்டில் 102க்கு, ஏறிவிடக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நாம் வாளியில் விளாவி சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். ஊற்றிய தண்ணீர் வழிந்து போய்விடும், காற்றும் வேர்வையும் உடம்பை ஆற்றிவிடும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் குளித்தாலும் உள்சூடு அந்த அளவுக்கு ஏறாது. ரிசார்ட்டுகளில் இருக்கும் சுடுநீர்த் தொட்டியும் நீராவி அறையும் அப்படி இல்லை. கழுத்துவரை சூட்டிலேயே இருப்பதால் உடம்பு ஆற வழியே கிடையாது. 40 டிகிரித் தொட்டியில் பத்து நிமிடத்துக்கு மேல் இருப்பது ஆபத்து, பேசாமல் தவிர்த்துவிடு என்றார்.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? சொல்லுங்கள்.

பென்னாகரம் சிஸ்டர்

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் சொன்னது சரி. முதல் மூன்று மாதம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு தங்கிய நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியாவதே அப்போதுதான். அந்த நேரத்தில் தாயின் உடம்புச் சூடு அதிகமாக ஏறி அப்படியே நின்றால், குழாய் சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொல்வதும் இதே குழாய்க்காகத்தான்.

நான் வெந்நீரைவிடக் காய்ச்சலுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். மலையோரத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாதத்துப் பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல். கம்பளியைத் தலையோடு போர்த்தி வேது பிடிக்க வைத்திருந்தார்கள். சுடச்சுடத் தண்ணீர் வார்த்தும் விட்டிருந்தார்கள். அன்பில் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சலே உள்சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்தும் சூடு ஏற்றினால் அந்தப் பெண் தாங்குவாளா? கம்பளியை எடுத்து, ஜன்னலைத் திறந்து, தண்ணீர் குடிக்க வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள், வேது வேண்டவே வேண்டாம்.

ராகிக்களி (ஓசூர்)

நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி இல்லை, அதைக் காய்ச்சுகிற கருவியைப் பற்றி. தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தார்கள். சின்ன அறை. மேலே ஒரு சன்னல், குளிருக்காக அதையும் அட்டை வைத்து அடைத்திருந்தது. எனக்கு மூன்றாம் மாதம். குளித்துவிட்டு வந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். மசக்கை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் போடாததால் என் நாத்தனார் உடனே உள்ளே வந்து வெளியே இழுத்துவிட்டாள். வெளிக்காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் கேஸ் கீசரா?" என்பதுதான். அடைத்த அறையில் கேஸ் எரியும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் ரத்தத்தைவிட்டு இறங்க இன்னும் நேரம் பிடிக்கும். அதனால் தாய் தெளிந்துவிட்டாள் என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்றார். எனக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், பிள்ளையின் துடிப்பு நன்றாக இருந்தது. மகள் பிறந்து இப்போது நடை பழகுகிறாள்.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி மூன்றும் மசக்கையிலும் வரும், இந்த வாயுவாலும் வரும். குளியலறைக்குள் போனால் கூடுகிறது, வெளியே வந்தால் குறைகிறது என்றால் சந்தேகப்படுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால் இந்த வாயுவை இன்னும் பலமாகச் சந்தேகப்படுங்கள். கேஸ் கீசரை வெளிச்சுவரில் மாட்டி, தண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வரும்படி செய்யுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அதுவரை அடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுபோய் வையுங்கள். மூடிய குளியலறையில் கரி அடுப்பு மூட்டினாலும் இதே ஆபத்துதான்.

அரூர் அப்பா

படிக்கும்போதே கை நடுங்கிவிட்டது சகோதரி. நீங்களும் பாப்பாவும் நலமாக இருப்பதில் சந்தோஷம்.

எங்கள் வீட்டில் வாட்டர் ஹீட்டர் ராடு. நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். வாளியைத் தூக்கி வைப்பது, விளாவுவது எல்லாம் நான்தான். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். அப்படி ஊற்றினால் கையில் தெறித்துச் சுடாது.

எண்ணெய்க் குளியல் பற்றியும் ஒரு வார்த்தை. தலைக்கும் காலுக்கும் எண்ணெய் வைத்து அரப்புப் போட்டுக் குளித்தாள் என் மனைவி, டாக்டரும் தடை சொல்லவில்லை. வயிற்றை அழுத்தித் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் எண்ணெயும் அரப்பும் சேர்ந்த டைல்ஸ் தரையில் நடப்பது எவ்வளவு ஆபத்து! உட்கார்ந்து குளிக்க மணை போடாமல் கொஞ்சம் உயரமான ஸ்டூலாகப் போட்டேன், எழுந்திருக்கச் சுலபம். தரையில் ரப்பர் மேட், சுவரில் ஒரு கைப்பிடி. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க அவளுக்கு ரொம்ப ஆசை. பாறை வழுக்கும் என்று பிரசவத்துக்கு அப்புறம்தான் போனோம்.

மாங்கொத்து (பாலக்கோடு)

ஒன்பதாம் மாதத்தில் எனக்கு இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. சாயந்திரம் அம்மா வெதுவெதுப்பான தண்ணீரை இடுப்பில் மெதுவாக ஊற்றிவிடுவார். அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சூட்டு வலியாக, அதாவது பொய் வலியாக இருந்தால் அதிலேயே அடங்கிவிடும். அடங்காமல், விட்டுவிட்டு வந்து நெருங்கிக்கொண்டே போனால் பிரசவ வலி. அப்படித்தான் கடைசியில் தெரிந்துகொண்டோம். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டுக் குளியலறைச் சன்னலைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், திறந்துதான் இருக்கிறது. சிஸ்டர், இரண்டு கேள்வி. தெர்மாமீட்டர் இல்லாமல் தண்ணீர்ப் பதம் எப்படிப் பார்ப்பது? கால் வீக்கத்துக்கு வெந்நீரில் கால் வைக்கலாமா?

பென்னாகரம் சிஸ்டர்

முழங்கையை விட்டுப் பாரும்மா. விரல் சூட்டுக்குப் பழகிப்போயிருக்கும், முழங்கை பொய் சொல்லாது. அங்கே இதமாக இருந்தால் சரி. குளிக்கும்போது தோல் சிவந்தாலோ, நெற்றி வேர்த்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ சூடு அதிகம் என்று அர்த்தம். உடனே நிறுத்தி, உட்கார்ந்து, தண்ணீர் குடி. வெந்நீரில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும், அதனால் சட்டென்று எழுந்திருக்காதே. வெறும் வயிற்றிலும் குளிக்காதே.

சாயந்திரம் வீங்கிக் காலையில் வடிந்துவிடுகிற கால் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம், தப்பில்லை. அப்புறம் காலை உயர்த்தி வைத்துப் படு, வீக்கம் அதில்தான் குறையும். ஆனால் திடீரென்று முகமும் கையும் வீங்கினால், கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி இருந்தால், தண்ணீரெல்லாம் காய்ச்சிக்கொண்டிருக்காதே. அது பிரஷர் ஏறியதாக இருக்கலாம். ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.